ஒரே வீடு, ஒரே வெள்ளம்: "அவர் நல்லாத்தானே இருக்கார், உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டவர்களுக்கு

தைராய்டு, பி12, வைட்டமின் டி, ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், கடைசியில் தலைக்கு ஸ்கேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, 2016-லும் 2017-லும் இதற்கு மட்டும் எங்கள் வீட்டில் போன பணம் 60,000 ரூபாயைத் தாண்டும். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். நார்மல் என்று வரும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் அழுகை. ஏதாவது ஒன்று இருந்து தொலைத்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாமே என்று இருக்கும். எனக்கு இருந்தது ரத்தத்திலோ ஸ்கேனிலோ தெரிகிற விஷயம் இல்லை. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். அந்தப் பெயரை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்க 2018 வரை ஆகிவிட்டது. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் பணத்தை விடுங்கள், என் பெண்ணின் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எனக்கு ஞாபகத்தில் இருந்திருக்கும்.

வெள்ளம் வந்தபோது நாங்கள் சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்குக் கிட்டத்தில், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயதுப் பெண், மாமியார். 2015 டிசம்பர் 1. நவம்பர் முழுக்கக் கொட்டிய மழையில் ஏரிகளெல்லாம் ஏற்கெனவே ததும்பிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அடையாற்றுக்குத் தண்ணீர் விடுகிற செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள் என்பதைப் பிறகு பேப்பரில்தான் படித்தோம். எங்கள் தெருவில் யாரும் வந்து சொல்லவில்லை. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. ராத்திரி முதலில் பாத்ரூம் ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. பாயைச் சுருட்டிக் கட்டிலில் வைப்பதற்குள் கட்டில் நனைந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் சாய்ந்து மிதந்து, சமையலறைக் கதவில் போய்ப் போய் மோதியது. இருட்டில் அந்த டொம், டொம் சத்தம் மட்டும்தான். மாமியாருக்கு முட்டி வலி, நடக்க முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் மாடிக்குப் போனார். நான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு சமையல் மேடைமேல் ஏறி நின்றேன். அவர் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகாது. அவர் பத்து நிமிஷம் என்பார். எனக்கு அது ஒரு ராத்திரி.

அந்த மேடையில் நின்றபோது நான் பயப்படக்கூட இல்லை. யாரோ ஒரு பெண் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் பரணில் உட்கார்ந்து அவளைப் பார்க்கிறேன், அப்படி இருந்தது. பெரிய தைரியசாலி என்று அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். அது தைரியம் இல்லை. ஆபத்தான நேரத்தில் மனசு உடம்பைவிட்டு இப்படி விலகி நிற்பதற்கும், பின்னால் இந்த நோய் வருவதற்கும் தொடர்பு உண்டு. உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இப்படி நடந்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அபூர்வம்.

விடிந்ததும் எங்கள் இருவருக்கும் இரண்டு வேறு டிசம்பர் தொடங்கியது. அவர் மாடியிலிருந்த பேச்சுலர் பையன்களோடு சேர்ந்து டயர் டியூப், கயிறு, பிறகு படகு என்று தெருத்தெருவாக ஆட்களை மீட்கப் போனார். வந்து கதை சொல்வார், மறுபடி போவார். டீக்கடையில் அதே கதையை எத்தனை பேரிடம் சொன்னாரோ. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நான் ஒரு பள்ளிக்கூட முகாமில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தேடிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்குக் காய்ச்சல். எனக்கு மாதவிலக்கு, அத்தனை பெண்களுக்கும் சேர்த்துத் தாழ்ப்பாள் இல்லாத இரண்டு கக்கூஸ். வீடு திரும்பினால் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு, டீசலும் சாக்கடையும் கலந்த வாடை. ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர், பைக், கட்டில், பீரோவிலிருந்த துணி, என் டிகிரி சர்டிபிகேட் எல்லாம் போச்சு. கணக்குப் போட்டால் இரண்டரை லட்சம். அரசு நிவாரணம் 5,000 ரூபாய் வந்தது. சேற்றை வாரியது நான். அவருக்கு ஆபீஸ் திறந்துவிட்டார்கள்.

முகாமுக்கு ஒரு தொண்டர் குழு வந்து, எங்களை வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்றார்கள். என் முறை வருவதற்குள் நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சம்பவம் நடந்த சூட்டிலேயே ஒரே தடவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்கும் இந்த முறையை உலக சுகாதார அமைப்பே பரிந்துரைப்பதில்லை. அந்த நேரத்தில் தேவை சாப்பாடு, தூக்கம், மாற்றுத்துணி, தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ், சொந்தக்காரர்களோடு பேச ஒரு போன். பேசத் தோன்றினால் பேசலாம், தோன்றாவிட்டால் யாரும் வற்புறுத்தக் கூடாது.

பொங்கல் வரை வேலை நெட்டித் தள்ளியது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. யார் வீட்டிலோ மோட்டாரை அணைக்க மறந்து, மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டால் போதும், நான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மேடைமேல் நிற்பேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் ஜாலியைப் பார்ப்பேன், ஒரு செங்கல்லை வைத்து மூடுவேன், திரும்ப வந்து படுத்தால் செங்கல் நகர்ந்திருக்குமோ என்று மறுபடி போவேன். கிண்டி எஸ்டேட்டில் எனக்கு வேலை. வீட்டுக்குப் பக்கத்து ஆற்றுப் பாலம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறமாட்டேன், இரண்டு பஸ் மாறிச் சுற்றிப் போவேன். பெண் அழுதால் எரிச்சல் வந்தது, சிரித்தால் ஒன்றுமே வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம், பெற்ற பிள்ளைமேல் பாசம் வற்றிவிட்டதே என்று. 2016 அக்டோபரில் மழை ஆரம்பித்ததும் வேலையை விட்டேன். டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நான் வேலையில் இல்லை, நல்லவேளை. மாதம் 18,000 சம்பளம். 2018 கடைசியில்தான் திரும்ப வேலைக்குப் போனேன் என்பதால் போன சம்பளத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாத்தனார் திருஷ்டி என்றார், தாயத்துக்கு 3,500. மாமியார், "வெள்ளம் எல்லார் வீட்லயும்தாம்மா வந்துச்சு. என் புள்ள எத்தனை பேரைக் காப்பாத்தினான், அவன் நல்லாத்தானே இருக்கான்? உனக்கு மட்டும் என்ன?" என்றார். அவர் மனசில் ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. தெருமுனை டாக்டர் தூக்கத்துக்கு அல்பிரஸோலம் எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் அரை மாத்திரை ஒன்றாகி, பகலிலும் ஒன்றாகி, நிறுத்தினால் கை நடுங்குகிற நிலைமைக்கு வந்தேன். இந்த வகை மாத்திரைகள் இந்த நோயைச் சரிசெய்வதில்லை, பழகிப்போனால் விடுவதும் கஷ்டம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுத் திடுதிப்பென்று நிறுத்திவிடாதீர்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், டாக்டர் கண்காணிப்பில்.

மனநல டாக்டரிடம் போக ஏன் இவ்வளவு நாள் ஆனது என்று கேட்டால் ஒரே வார்த்தைதான், கீழ்ப்பாக்கம். 1794-லிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி அது. சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று ஊர்ப் பெயரையே சொன்னால் போதும். உண்மையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற நோயாளிகளோடு நின்று ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம், யாருக்கும் தெரியாது, செலவும் இல்லை. இது தெரியாமல் தனியாரில் லேப் லேபாக அலைந்தோம். என்னை மனநல டாக்டரிடம் அனுப்பிவைத்தது ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த நர்ஸ் அக்கா. "எல்லாம் நார்மல்னா மனசைக் காட்டும்மா, வெக்கப்படாத" என்றார்.

அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன், தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போகலாம். சம்பவம் கூப்பிடாமலே கண்முன் வருகிறதா, கனவில் வருகிறதா. எதை, எந்த இடத்தைத் தவிர்க்கிறாய். உன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி நினைப்பு மாறியிருக்கிறதா, சந்தோஷம் வருகிறதா. சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறதா, தூக்கம் எப்படி. இந்த நான்கு பக்கமும் பாதிப்பு இருந்து, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கை கெட்டிருந்தால்தான் இந்த நோய் என்று சொல்வார்களாம். முதல் சில வாரம் தூக்கம் வராததும் படபடப்பும் யாருக்கும் இருக்கும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வடிந்துவிடும். ஐந்தாவதாக ஒன்று கேட்டார். "இதுக்கு முன்னாடி, சின்ன வயசுல, வேற ஏதாவது?" நான் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை, பதினோரு வயதில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விடுமுறையில் நடந்ததை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். வெள்ளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தது.

மாமியார் கேட்ட கேள்வியை அப்படியே டாக்டரம்மாவிடம் கேட்டேன், வீட்டுக்காரருக்கு வராதது எனக்கு ஏன்? டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, அவருக்கு வரவில்லை என்று யார் சொன்னது என்றார். அதைப் பிறகு சொல்கிறேன். உலகம் முழுக்கவே பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1995-ல் வெளிவந்த அமெரிக்க தேசிய ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோய் வந்தவர்கள் பெண்களில் 10.4 சதவீதம், ஆண்களில் 5 சதவீதம். நம் கதைக்கு நெருக்கமாக ஒன்று: 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு மீனவ கிராமத்தில் எடுத்த ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு இந்த நோய் இருந்தது. பெண்கள், காயம்பட்டவர்கள், வருமானம் இல்லாத குடும்பத்தினர், இவர்களுக்கு அதிகம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வது! நான் மட்டும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், விபத்து, அடிதடி, போர் என்று எண்ணிப் பார்த்தால் அதிர்ச்சியான சம்பவங்களை அதிகம் சந்திப்பது ஆண்கள்தான். 25 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் டோலின், ஃபோவா என்ற இருவர் எழுதியதும் இதையே சொல்கிறது: சம்பவம் ஆண்களுக்கு அதிகம், நோய் பெண்களுக்கு அதிகம். ஒரு பெரிய காரணம், சம்பவங்கள் ஒரே மாதிரி இல்லை. பாலியல் வன்முறை பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் அதிகம் நடக்கிறது, அதுதான் இந்த நோயை மிக அதிகமாகக் கொண்டுவருவது. ஆண்களுக்கு அது நேர்ந்தால் அவர்களும் பெண்களுக்குக் குறையாமல் பாதிக்கப்படுகிறார்கள். சின்ன வயதில் பட்ட அடி உள்ளே கிடந்து, பிறகு வருகிற அடியோடு சேர்ந்துகொள்ளும். என் வெள்ளம் 2015-ல் தொடங்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் முழுக்க அது மட்டும் காரணம் இல்லை. ஒரே வகை விபத்தில் சிக்கிய ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டாலும் பெரும்பாலும் பெண் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. அந்த நேரத்தில் செத்துவிடுவோம் என்று எவ்வளவு தோன்றியது, கையில் செய்ய ஏதாவது இருந்ததா, பிறகு யார் துணை நின்றார்கள், இதெல்லாம் கணக்கில் வருகிறது. என் வீட்டுக்காரருக்குக் கையில் கயிறு இருந்தது. எனக்குக் குழந்தை இருந்தது, அசைய முடியாது. அவர் கதையைச் சொல்லச் சொல்ல ஊர் கேட்டது. நான் வாயைத் திறந்தால் "எல்லார் வீட்லயும்தான்". உடம்புக்கும் பங்கு உண்டு. பயந்த விஷயம் இப்போது ஆபத்து இல்லை என்று மூளை திரும்பக் கற்றுக்கொள்வதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு வேலை இருக்கிறது, அது குறைவாக இருக்கும் நாட்களில் அந்தப் பாடம் சரியாக ஏறுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாதவிலக்கை ஒட்டி எனக்குக் கனவுகள் மோசமாகும். அதை நானே கேலண்டரில் குறித்துவைத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். நீங்களும் குறித்துவையுங்கள். 2011-ல் பேகேப் என்ற ஒரு புரதத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள், அதுவும் பெண்களிடம் மட்டும். இதை வைத்து இன்றைக்கு வைத்தியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மாமியாரிடம் சொல்ல எனக்கு உதவியது. "ரத்தத்துலயே இருக்காமா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

இப்போது அவர் கதை. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் தினமும் குடிக்க ஆரம்பித்தார். முன்பு எப்போதாவது கல்யாணம் காட்சியில். சிக்னலில் ஒருவன் ஹாரன் அடித்தால் இறங்கிப்போய்ச் சட்டையைப் பிடிப்பார். எல்லோரும் வேலை டென்ஷன் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். படகில் போனபோது அவர் கையிலிருந்து ஒரு பெரியவர் நழுவிப் போனார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். டீக்கடையில் சொன்ன கதைகள் எதிலும் அந்தப் பெரியவர் இல்லை. ஆண்களில் பலருக்கு இது கோபமாகவும் குடியாகவும் வெளியே வருவதால் யாரும் இதை நோய் என்று எண்ணுவதில்லை, கணக்கெடுப்பிலும் தவறிப்போகிறது. 1980-ல் இந்த நோய்க்கு அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்ததே முக்கியமாக வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்துத்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. போரிலிருந்து வந்தால் ஆணுக்கு நோய், ஜாபர்கான்பேட்டையிலிருந்து வந்தால் குடிகாரன்.

என் சிகிச்சைக்கு வருகிறேன். மனச்சோர்வுக்கும் இந்த நோய்க்கும் கொடுக்கிற செர்ட்ரலின் மாத்திரை தொடங்கினார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டல் இருக்கலாம், அதற்குள் விட்டுவிடாதீர்கள். முக்கியமானது பேச்சு சிகிச்சை. அதை அதிர்ச்சி நோய்க்கென்றே பயிற்சி எடுத்தவரிடம்தான் எடுக்க வேண்டும். போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே இதைக் கேளுங்கள்: நடந்த சம்பவத்தை நேரடியாக எடுத்து வேலை செய்வீர்களா, இல்லை பொதுவான ஆறுதல்தானா? இந்தச் சிகிச்சையை நான் தனியாரில் எடுத்தேன், ஒரு தடவைக்கு 1,200 ரூபாய், மொத்தத்தில் 20,000-க்குள் முடிந்தது. ஸ்கேனுக்குப் போன பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த ராத்திரியை நிகழ்காலத்தில் நடப்பது போலச் சொல்லச் சொல்லி, போனில் பதிவுசெய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார்கள். முதல் வாரம் இன்னும் மோசமாகலாம், அதையும் முன்பே சொல்லிவிட்டார்கள். அடுத்து, பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டு நிரம்பி வழிகிற வரை பக்கத்திலேயே உட்கார வேண்டும். கடைசியில் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் நடுவே நின்று கீழே ஆற்றைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். ஆறு நாறியது. அவ்வளவுதான்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. மனநோய்க்கெல்லாம் கிளைம் கிடையாது என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, மற்ற உடல்நோய்களுக்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும், வெளிநோயாளிச் செலவுக்குத் தராது என்பது வேறு விஷயம். ஆனால் "மனநோய் என்பதால் கிடையாது" என்றால் எழுத்தில் கேளுங்கள். எங்கே போவது என்றே தெரியாத ராத்திரிகளுக்கு 14416 என்ற அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ், இருக்கிறது, 2022-லிருந்து. இலவசம், தமிழில் பேசலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் வேறு ஏரியாவில் மூன்றாவது மாடிக்கு மாறியிருந்தோம். சர்டிபிகேட், மாத்திரை, சார்ஜர், மாற்றுத்துணி எல்லாம் அக்டோபரிலேயே ஒரு பையில் கட்டிவைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தால் வீட்டுக்காரர் பால்கனியில், ராத்திரி நின்ற அதே இடத்தில், கையில் துணி காயப்போடுகிற கயிறு. ஜனவரியில் அவரும் டாக்டரிடம் வந்தார். "உங்களுக்கு மனநோயா" என்று ஆரம்பித்திருந்தால் வந்திருக்கவே மாட்டார். "தூக்கத்துக்கும் கோபத்துக்கும் மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம், குடிக்கறதையும் மறைக்காம சொல்லுங்க" என்றேன். இப்போது மாதா மாதம் அவருக்கு ஓ.பி. சீட்டு, எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போவதாக இருந்தால் திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது.